பாட்டுக்குப் பின்னே ஒரு தந்தை

 

சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், முன்னாள் மாணவர் ஒருவர் மணிமங்கலத்திலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். ஒரகடத்தில் தொழிற்சாலையொன்றில் பணிபுரிபவர். தம் பாட்டியார் வீட்டிலிருந்தே காண்பதற்காக, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி நடித்த பழைய படங்களைத் தேடிச் சேர்த்து வருவதாகக் கூறினார். "சகுந்தலையும் மீராவும் கிடைத்துவிட்டன, ஹஜ்ரத். வேறு எவற்றில் நடித்திருக்கிறார்கள்?" என வினவினார்.

திரைப்படத்தில் பொழுதைக் கழிப்பதை நான் ஊக்குவிப்பவனல்லன். ஆயினும் கேட்டதற்கு விடை கூறினேன். அந்த அம்மையார் நடித்த தமிழ்ப் படங்கள் நான்கே: 1938-இல் சேவாசதனம், 1940-இல் சகுந்தலை, 1941-இல் சாவித்திரி, 1945-இல் மீரா. சாவித்திரியில் அவருக்கு ஆண் வேடம், நாரதராக நடித்தார். அதில் கிடைத்த ஊதியம் 'கல்கி' பத்திரிகை தொடங்க உதவிற்று. மீரா 1947-இல் இந்தியிலும் வெளிவந்தது. அதன்பின் நடிப்பைத் துறந்து இசை மேடைக்கே உரியவரானார்.

இவற்றுள் மூன்று, புராண, பக்திக் கதைகள். சேவாசதனம் மட்டுமே குடும்பக் கதை. கே. சுப்ரமணியம் இயக்கிய அப்படத்தில், முதியவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு அல்லலுறும் சுமதியாக எம்.எஸ். நடித்தார். கணவராக நடித்தவர் எஃப்.ஜி. நடேச ஐயர். மூலக்கதை பிரேம்சந்தின் நாவல். 'பாஸாரே ஹுஸ்ன்' என அவர் அதை உருதுவில் எழுதினார். ஆயினும் இந்தி வடிவமே முதலில் அச்சேறிற்று.

கல்லூரி நாட்களில் அந்நாவலைப் படித்தபோது என் உள்ளத்தை உலுக்கியவர் அப்பெண்ணின் தந்தை. காவல்துறையில் பணியாற்றியும் கைக்கூலியாக ஒரு காசும் பெறாதவர். மகளின் மணத்திற்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்ட வரதட்சணைக்காக, வாழ்நாளில் முதன்முறையாக லஞ்சம் வாங்குகிறார். பிடிபட்டுச் சிறை செல்கிறார். மகளோ, வயதில் மூத்த ஏழை ஒருவருக்கு மணமுடித்து வைக்கப்படுகிறாள். அவளுடைய துன்பங்கள் அனைத்தும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

இதைக் கூறிவிட்டு, "தம்பி, உமக்கும் நிகாஹ் பேசியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெண் வீட்டார் என்ன தருகிறார்கள்?" என்றேன்.

அவர் தலை கவிழ்ந்தார். "மோட்டார் சைக்கிளும் நகையும்... அத்தா பேசி முடித்துவிட்டார்கள், ஹஜ்ரத்."

"அதற்காக அந்தப் பெண்ணின் தந்தை வட்டிக்குக் கடன் வாங்கினால், அந்தப் பாவத்தில் உமக்குப் பங்கில்லையா?"

பதில் இல்லை.

அவரை மட்டும் குறை கூற எனக்குத் தகுதியில்லை. பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து கொடுத்துவிடுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 4-ஆம் வசனம் கட்டளையிடுவதை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். ஆனால், வரதட்சணை கைமாறியதை அறிந்திருந்தும், நிகாஹ் மஜ்லிஸில் மஹர் தொகையை உரக்கக் கூறக் கேட்டு, துஆச் செய்து, விருந்துண்டு திரும்பியவனே நானும். என் மௌனமும் ஒரு சாட்சிக் கையெழுத்தன்றோ? இனி அத்தகைய நிகாஹில், அது என் மாணவருடையதேயாயினும், கலந்துகொள்வதில்லையென உறுதி பூண்டுள்ளேன்.

வாசல்வரை சென்றவர் திரும்பி, "அத்தாவிடம் பேசிப் பார்க்கிறேன்" என்றார். பேசினாரா என்பதை நான் இன்னும் அறியேன்.

சகோதரிகளே! நும் இல்லத்தில் பழைய பாடல்கள் ஒலிக்கும்போது, மகளுக்காக ஹராமில் கால் வைத்த அந்தத் தந்தையையும் நினைவுகூருங்கள். நும் மகனுக்குப் பெண் பேசச் செல்லும் நாளில் அந்நினைவு உங்களைத் தடுக்கட்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.