சீனா தட்டினால் என்ன குறைஞ்சு போச்சு?

ஜோன் சீனா தட்டிவிட்டார். 2025 டிசம்பர் 13, வொஷிங்டன் டி.சி., அவருடைய கடைசி மேட்ச். குந்தரின் கை கழுத்தைச் சுற்றி இறுகியிருக்க, ஒரு சின்னச் சிரிப்போடு கையால் தட்டினார். மணி அடித்தது. அரங்கம் முழுக்கக் கூச்சல். இத்தனை வருசமாக 'நெவர் கிவ் அப்' என்று ரீசேர்ட்டிலும் துவாயிலும் எழுதிக்கொண்டு வந்த மனிசன் கடைசி நாளில் எப்படித் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம் என்பதுதான் எல்லாருடைய கோபமும். எங்கட நண்பர்களுக்கும் அதே கோபம்தான்.

நாங்கள் மற்றப் பக்கம் நிற்கிறோம். அந்தத் தட்டல் சரியான முடிவு என்றே நினைக்கிறோம்.

"எல்லாம் நடிப்புத்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?" என்று கேட்பீர்கள். யார் வெல்வது என்பது முதலே பேசி வைத்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிடி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஷார்ப்ஷூட்டரில் கீழே கிடப்பவரின் இரண்டு கால்களையும் தன் காலைச் சுற்றிப் பின்னி, ஆளைக் குப்புறப் புரட்டி, இடுப்புக்கு மேல் குந்தியிருந்து வளைப்பார்கள். எவ்வளவு வளைப்பது என்பது மேலே இருப்பவரின் கையில். முழுப் பலத்தோடும் வளைத்தால் முதுகு போய்விடும். அதனால் பிடிப்பவர் கொடூரமாக முகத்தை வைத்துக்கொண்டே கீழே இருப்பவரின் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். கீழே இருப்பவர் அவரை நம்பித்தான் காலைக் கொடுக்கிறார்.

இன்னொரு விசயம். தோள் இரண்டும் தரையில் பட மூன்று எண்ணினால், தோற்றதை நடுவர்தான் சொல்கிறார். சப்மிஷனில் அந்தச் சொல் தோற்பவருடையது. கயிற்றைத் தொட்டால் நடுவர் ஐந்து எண்ணி முடிக்கமுன் பிடியை விடவேண்டும். தட்டினால் உடனேயே விடவேண்டும்.

அந்தச் சொல்லைப் பறித்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1997 நவம்பர் 9, மொன்றியல் சாட்சி. வேறு கம்பனிக்குப் போகவிருந்த பிரெட் ஹார்ட், சொந்த நாடான கனடாவில் ஷோன் மைக்கல்ஸிடம் பட்டத்தை இழக்க மறுத்திருந்தார். மேட்ச் நடுவில் மைக்கல்ஸ் ஷார்ப்ஷூட்டர் போட்டார், அதுவும் பிரெட்டின் சொந்தப் பிடி. பிரெட் தட்டவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. ஆனால் முதலாளி வின்ஸ் மக்மேன் மணியை அடிக்க வைத்தார். பட்டம் போனது ஒரு பக்கம். அவர் சொல்லாததைச் சொன்னதாக ஊருக்கே அறிவித்தார்களே, அதைத்தான் ரசிகர்கள் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. எல்லாம் முதலே பேசி வைக்கிற உலகத்திலும் அது துரோகமாகத்தான் பார்க்கப்பட்டது.

அதே வருசம் மார்ச் 23, ரெஸில்மேனியா 13. இந்தமுறை பிடி போட்டவர் பிரெட். கீழே ஸ்டீவ் ஒஸ்டின், முகம் முழுக்க இரத்தம். கடைசிவரை ஒப்புக்கொள்ளாமல் மயங்கிப்போனார். தோற்றும் ஹீரோ ஆனார். எங்களுக்கும் அந்த மேட்ச் உயிர். ஆனால் அதிலிருந்து நாங்கள் ஒரு பிழையான பாடத்தையும் எடுத்துக்கொண்டோம்: ஹீரோ மயங்கலாம், தட்டக்கூடாது.

அப்படி ஒரு சட்டமும் இல்லை. 2005இல் ரெஸில்மேனியா 21. கேர்ட் ஆங்கிளின் கணுக்கால் பிடியில் மைக்கல்ஸ் நெடுநேரம் தவித்தார், கடைசியில் தட்டினார். மேட்ச் முடிய சனம் எழும்பி நின்று கைதட்டியது தோற்ற மைக்கல்ஸுக்கு. ஜூடோ, ஜியு-ஜிட்சு பழகுகிற இடங்களில் ஒரே நாளில் எத்தனையோ தடவை தட்டுவார்கள். தட்டாமல் வீம்பு பிடிக்கிறவருக்குத்தான் கை முறியும்.

வலியைத் தாங்குவதை மட்டும் வீரம் என்று எங்களுக்குச் சின்ன வயசிலேயே சொல்லிவிட்டார்கள். ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது, 'ஏலாது' என்று சொல்லக்கூடாது. கம்பசுக்கு வந்தால் பகிடிவதைக்கும் அதே கதைதான். பேசாமல் தாங்கினவன் கெட்டிக்காரன், போதும் என்றவன் பயந்தாங்கொள்ளி. பகிடிவதைக்கு எதிரான சட்டம் 1998இலேயே வந்துவிட்டது, ஆனால் 'போதும்' என்ற சொல்லுக்கு இன்னும் மரியாதை வரவில்லை. ரிங்குக்குள் தட்டிய பிறகும் பிடியை விடாதவரைத்தான் சனம் கேவலமாகப் பார்க்கும். வெளியில் தட்டினவனைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

சீனாவின் கடைசி மேட்ச் பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை இருக்கு. அவர் வென்றுவிட்டுப் போயிருக்கலாம் என்றால் அதுவும் ஒரு நியாயம்தான். ஆனால் தட்டினது கேவலம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒஸ்டினைப் போல மயங்க வைத்திருந்தால் கைதட்டல் வந்திருக்கும், நாங்களும் அதே பழைய பாடத்தோடு வீட்டுக்குப் போயிருப்போம். 48 வயசில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, போதும் என்பதை அவரே சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு இந்தச் சீனாவைத்தான் கூடப் பிடிச்சிருக்கு.