கலர் பார்த்தது போதும், சங்கிலியையும் பாருங்கள்

போன கிழமை என் மாணவன் ஒருவனின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். ஹோல் முழுக்க ரோலர் பிளைண்ட்ஸ். டைல்ஸ் கலருக்கு நல்ல பொருத்தம். ஜன்னலுக்குக் கீழே செட்டி. அதில் ஏறி நின்ற இரண்டு வயதுத் தங்கச்சியின் கழுத்தளவில் மணிச்சங்கிலி வளையமாகத் தொங்குகிறது.

"இழுக்க லேசா இருக்கட்டும் எண்டு பாஸ் நீளமா உட்டுட்டார் சேர்" என்றார் வாப்பா.

பிளைண்ட்ஸ் எடுக்கும்போது கலரைக் கேட்கிறோம், சதுர அடி விலையைக் கேட்கிறோம். சங்கிலியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கழுத்தில் இறுகினால் பிள்ளைக்குக் கத்த முடியாது. குசினியில் நிற்கும் உம்மாவுக்கு ஒரு சத்தமும் கேட்காது. ஐரோப்பாவில் இதற்கென்றே 2014இல் தரவிதியை இறுக்கினார்கள். தொங்கும் கயிறு நிலத்திலிருந்து 1.5 மீற்றருக்கு மேலே நிற்க வேண்டும், சங்கிலியையும் கிளிப் போட்டுச் சுவரோடு விறைப்பாகப் பிடிக்க வேண்டும்.

அந்தக் கிளிப் பல நேரம் பெட்டிக்குள்ளேயே வருகிறது. இன்னும் இரண்டு துளை போடப் பஞ்சி, அவ்வளவுதான். கிளிப் பூட்டாமல் கூலியைக் கொடுக்காதீர்கள். கட்டிலையும் செட்டியையும் ஜன்னலடியில் போடாதீர்கள். சின்னப் பிள்ளை படுக்கும் அறைக்கு, என்னைக் கேட்டால், பழைய சீலைத் திரையே போதும். பழசாகத் தெரிந்தால் தெரியட்டும்.

அன்றைக்கே வாப்பாவும் நானும் செட்டியை எதிர்ச்சுவருக்கு இழுத்தோம். கிளிப் லாச்சிக்குள் கிடந்தது, உறைகூடப் பிரிக்கவில்லை.