ஒரு நாளைக்கு எவ்வளவு? ஒரு பொய்க்கணக்கு

வெளிநாடு கிளம்புகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு நம்பர் வந்து விழும். "சிங்கப்பூரா? ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 வெள்ளி போதும்பா!" இந்த ஒற்றை நம்பர் மேல்தான் எனக்குக் கோபம்.

அப்பாவும் நானும் நான்கு நாள் போய் வந்தோம். விமானம், விசா, அறை எல்லாம் முன்பே கட்டியாகிவிட்டது. கைச்செலவுக்கு 60 பெருக்கல் 2 பெருக்கல் 4. மொத்தம் 480 வெள்ளி. நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். பெரிய பொருளாதார மேதை மாதிரி!

இரண்டாம் நாள் செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ். இருவருக்கும் டிக்கெட்டே 170 வெள்ளி பக்கம். அன்றைய 120 அங்கேயே காலி. மூன்றாம் நாள் முஸ்தபாவில் அத்தைக்குக் கோடாலித் தைலம், சித்தப்பா பிள்ளைகளுக்குச் சாக்லேட். அன்று மதியம் தேக்கா சந்தையில் அப்பா சொன்னார்: "நீ சாப்பிடு. எனக்குப் பசிக்கல."

நம்பினேன். இரவு அறையில், ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கை அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

சரி, காசு பத்தவில்லையா? அதுதான் கொடுமை. ஊருக்கு வந்து திரும்பக் கணக்குப் போட்டேன். ஹாக்கர் சென்டரில் 4 முதல் 7 வெள்ளிக்குள் ஒரு வேளை வயிறு நிறையும். ரயில், பஸ் சேர்த்தாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 தாராளம். இருவருக்கு நான்கு நாளும் 240. டிக்கெட் 170. ஆக 410. மிச்சம் 70. இதில் 40 பரிசுப் பொருளுக்கு, 30 அவசரத்துக்கு. அதே 480தான், யாரும் பட்டினி கிடந்திருக்க வேண்டாம்!

சராசரி என்ன செய்கிறது தெரியுமா? சோற்றையும் சாக்லேட்டையும் ஒரே பையில் போடுகிறது. பை இளைத்தால் முதலில் வெட்டுப்படுவது சோறுதான். ஏனென்றால் டிக்கெட்டை வாங்கியாச்சு, அத்தைக்கு வாக்குக் கொடுத்தாச்சு. வயிறு மட்டும்தான் சண்டை போடாது. அதுவும் வீட்டில் மூத்தவரின் வயிறு!

"சிக்கனம் வேண்டாமா தம்பி?" என்பீர்கள். வேண்டும்! ஆனால் சரியான இடத்தில். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டில் வாங்காதீர்கள். 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் ரயிலிலேயே போகலாம். உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் உஷார்! 10% சேவைக் கட்டணமும், 2024 முதல் 9% ஆன வரியும் மேலே ஏறும். கார்டு தேய்க்கும்போது "ரூபாயிலா, வெள்ளியிலா?" என்று கேட்டால் வெள்ளி என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் பெரும்பாலும் நமக்குத்தான் நஷ்டம்.

எனவே அடுத்த முறை யாராவது "ஒரு நாளைக்கு இவ்வளவு" என்றால், "எதுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். சாப்பாட்டையும் பஸ் காசையும் முதலில் தனியாக எடுத்து வையுங்கள். டிக்கெட்டைப் பெயர் போட்டு எழுதுங்கள். பரிசுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள்.

அத்தைக்குத் தைலம் ஒன்று குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அப்பா ஒரு வேளை சாப்பிடாததற்கு நான் யாரிடம் கணக்குக் காட்டுவது?