வந்ததை அனுப்பினேன் என்பது விடையாகாது

நாளிதழின் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் ஓரிரு வரிகளை நம்மில் பெரும்பாலோர் வாசிப்பதே இல்லை. வெளியிடுபவர் இன்னார், அச்சிடுபவர் இன்னார், அச்சகம் இன்ன தெருவில் உள்ளது என்று அறிவிக்கும் அவ்வரிகள், 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டவை. பத்திரிகைகளின்மேல் ஒரு கண் வைத்திருக்க விரும்பிய அந்நிய சர்க்கார் செய்த ஏற்பாடுதான் அது. ஆயினும் ஜனங்களின் கைக்கு வரும் எந்தச் சமாசாரத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் பகிரங்கமாக இருக்க வேண்டும் என்ற நல்ல நியதியும் அதனாலேயே நம்மிடையே நிலைபெற்றது. 1908ஆம் ஆண்டில் ‘சுதேசமித்திரன்’ ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டதும், பாரதியார் எழுதிவந்த ‘இந்தியா’ பத்திரிகைக்குச் சட்டப்படி பொறுப்பாளராக இருந்த சீனிவாசன் சிறைத்தண்டனை பெற்றதும், அச்சேறிய எழுத்துக்கு உடையவர் இன்னார் என்று துணிந்து நின்றவர்கள் கொடுத்த விலை.

இன்று விடிந்ததும் கைப்பேசியில் வந்து குவியும் சமாசாரங்களுக்கு அப்படி உடையவர் எவரும் இல்லை. எழுதியவர் பெயரில்லை, ஊரில்லை, தேதியில்லை. ‘அவசரம், அனைவருக்கும் பகிரவும்’ என்ற வேண்டுகோள் மாத்திரம் தவறாமல் இருக்கிறது. சித்தப்பாவோ, உடன் படித்தவரோ, அடுத்த வீட்டு அக்காவோ அனுப்பியது என்பதால் அதில் நமக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் அவர்களுக்கு அதை அனுப்பியவர் யாரென்று நாம் கேட்பதில்லை. பிற்பாடு அது பொய்யென்று தெரியவந்தால், ‘எனக்கு வந்தது, அனுப்பினேன்’ என்ற இரண்டே சொற்றொடர்களில் விஷயம் முடிந்துபோகிறது. இந்த விடையைத்தான் நாம் இனி ஏற்கக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

2018ஆம் ஆண்டில் நடந்ததை நினைத்துப் பார்ப்போம். தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளின் அருகே மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறைவதாகக் காட்டும் காணொளி ஒன்று அப்போது இந்தியாவின் பல மாநிலங்களில் பரவிற்று. அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுக்கப்பட்ட விளம்பரப் படம். அதன் முடிவில் அவ்விருவரும் திரும்பி வந்து, குழந்தையை விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையை உயர்த்திக் காட்டுவார்கள். அந்தச் சில விநாடிகளை யாரோ வெட்டி எறிந்தார்கள்; எஞ்சியதை லட்சக்கணக்கானோர், தம் பிள்ளைகளின்மீதுள்ள பாசத்தாலேயே, ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள்.

பிள்ளை பிடிக்கிற கூட்டம் ஊருக்குள் வந்துவிட்டதென்று தமிழிலும் குரல் பதிவுகள் உலவிய அந்த மே மாதத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் புறப்பட்ட ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அதுவே சந்தேகத்துக்குப் போதுமானதாயிற்று. திரண்டுவந்த கூட்டம் அடித்ததில் அக்குடும்பத்தின் மூதாட்டி உயிரிழந்தார். அடித்தவர்கள்மீது வழக்குப் பாய்ந்தது. ஆனால் அந்த பயத்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தவர்களில் எத்தனை பேர் அன்றிரவு தம் மனசாட்சியை விசாரித்திருப்பார்கள்?

அதன் பின்னர் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஒரு செய்தியை முன்னனுப்ப இயலாதபடி இந்தியாவில் வரம்பு விதித்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியாயின் ஒரு தடவைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று 2020இல் அதை மேலும் இறுக்கிற்று. இவை நல்ல ஏற்பாடுகளே எனினும், யந்திரத்தால் வேகத்தைத் தணிக்க முடியுமேயன்றி விவேகத்தைத் தர முடியாது. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்த அமெரிக்காவின் எம்.ஐ.டி. அறிஞர்கள், மெய்யைவிடப் பொய்யே மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்றும், அதற்குப் பிரதான காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றும் 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். புதுமையும் அதிர்ச்சியும் கலந்த பொய்யை நாமேதான் விரும்பிச் சுமக்கிறோம்.

பத்திரிகைகள் மாத்திரம் பொய் எழுதுவதில்லையா என்று கேட்கலாம். எழுதுவதுண்டு. விஷயத்தை மறைத்து ஆவலைத் தூண்டும் தலைப்புகளை இணையத்தில் இட்டு வாசகரை இழுக்கும் வழக்கத்தைச் சில செய்தி நிறுவனங்களும் கைக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது. எனினும் அங்கே வழக்குத் தொடுக்க ஒரு முகவரி உண்டு, ‘திருத்தம்’ வெளியிடு என்று கேட்க ஓர் ஆசிரியர் உண்டு. சாமானியர் ஒவ்வொரு செய்தியையும் சோதித்துக்கொண்டிருக்க இயலுமா என்ற கேள்வி அதைவிட நியாயமானது. சோதிக்க இயலாததை அனுப்பாமல் இருக்க இயலும் என்பதே அதற்கு விடை.

பகிர்வதே தீது என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, படகு வேண்டியவரையும் படகு வைத்திருந்தவரையும் ஒன்று சேர்த்தவை இத்தகைய செய்திகளே. ஆனால் அங்கும் உதவியாக அமைந்தவை, கொடுத்திருந்த எண்ணைத் தாமே அழைத்துப் பார்த்து, நேரத்தைக் குறித்து, மீட்பு முடிந்ததும் ‘முடிந்தது, இனி அனுப்ப வேண்டாம்’ என்று சேர்த்து எழுதியவர்களின் செய்திகள். மற்றவை, காப்பாற்றப்பட்டவரையே மறுபடியும் மறுபடியும் தேட வைத்து, தவித்துக்கொண்டிருந்த வேறொருவருக்குரிய நேரத்தைத் தின்றன.

ஆகவே ஒரு செய்தியை முன்னனுப்புகிறவர் அக்கணமே அதன் வெளியீட்டாளர் ஆகிறார் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கிருந்து கிடைத்தது, எந்தத் தேதியது, தாம் விசாரித்தது என்ன என்பதைத் தம் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதி அனுப்பட்டும். எழுத முடியாவிடில் அது அனுப்பத் தக்கதன்று. தவறென்று தெரிந்தால், சத்தமில்லாமல் அழித்துவிடாமல், எந்தக் குழுவில் அனுப்பினாரோ அதே குழுவில் திருத்தத்தையும் அனுப்பட்டும். பெரியவர் அனுப்பிய பிழையை இளையவர் பணிவோடு எடுத்துச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. அதைக் கேட்டுத் திருத்திக்கொள்வதால் பெரியவரின் கௌரவமும் குறைந்துவிடாது. ஒரு காலத்தில் பத்திராதிபர் ஒருவருக்கே இருந்த அதிகாரம் இன்று ஒவ்வொரு குடிமகனின் கையிலும் இருக்கிறது. அவர் சுமந்த பொறுப்பையும் சேர்த்து ஏற்பவருக்கே அந்த அதிகாரத்தில் உரிமை உண்டு.