கோடு வரைந்த கைக்கு விலங்கு எதற்கு?

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நம் குடும்பங்களில் பெண்மக்கள் படிக்கிறார்கள், பட்டமும் பெறுகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் அவர்களுள் ஒருத்தி, "ஓவியம் கற்க விரும்புகிறேன்" என்று வாய் திறந்துவிட்டால் போதும். அதுவரை ஒரு ஹதீஸ் நூலையும் புரட்டியறியாத பெரியவர்கூட முஹத்திஸ் ஆகிவிடுகிறார். "சித்திரம் ஹராம்" என்ற தீர்ப்பு அக்கணமே பிறந்துவிடுகிறது. மதரஸாவில் ஓதியும் ஓதிக்கொடுத்தும் வந்த நாம் இத்தீர்ப்பை ஏற்பதற்கில்லை.

உயிருருவம் சமைப்போர் பற்றிய கடும் எச்சரிக்கை ஹதீஸ்களில் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை; மறைப்பது இல்முக்குச் செய்யும் துரோகம். ஆயின் அதே புகாரி ஷரீபில் இன்னொரு செய்தியும் உண்டே! உருவங்கள் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைச் சொன்னார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை எடுத்துரைத்த அப்பெருமகனார், வந்தவர் முகம் வெளிறக் கண்டு, செய்தே தீரவேண்டுமாயின் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையலாம் என்று வழிகாட்டினார்கள். முற்பாதியை ஓதிப் பிற்பாதியை விழுங்குவது எந்த உஸ்தாது கற்றுக்கொடுத்த பாடம்?

மணப்பெண்ணின் உள்ளங்கையில் மருதாணிக் கொடி வரைந்தால் மாஷா அல்லாஹ்! அதே கொடியை அதே பெண் காகிதத்தில் வரைந்தால் அஸ்தஃபிருல்லாஹ்! இத்தீர்ப்பை வழங்கும் பெரியவர் வீட்டு அலமாரியில் கல்யாண ஆல்பங்கள் அடுக்கடுக்காய் இருக்கின்றன என்பதையும் சொல்லிவைப்போம்.

நஸ்ரீன் முஹம்மதி என்ற பெயரை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்? 1937இல் கராச்சியில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர். 1954இல், நம்மூரில் பெண்ணை அடுத்த ஊர் உயர்நிலைப்பள்ளிக்கு அனுப்பவே தயங்கிய அந்நாளில், அக்குடும்பம் மகளை லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளிக்கு அனுப்பியது. பின்னர் பாரீஸிலும் பயின்றார். 1972இல் பரோடா பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் ஆசிரியையாகச் சேர்ந்து, ஒரு தலைமுறை மாணவர்களுக்குக் கற்பித்தார். முதலில் செடியையும் கடலையும் நினைவூட்டும் மைத்தீற்றல்கள். பிறகு அவையும் உதிர்ந்தன. காகிதம், பென்சில், மை, பொறியாளர் கையாளும் அளவுகோல், இவை கொண்டு வெறும் கோடுகளே வரைந்தார். இணைகோடுகள், சாய்கோடுகள், ஒன்றையொன்று ஊடறுக்கும் மெல்லிழைகள். மனித முகமில்லை, பறவையில்லை. படங்களுக்குத் தலைப்புகூட இட்டாரில்லை. மார்க்கச் சட்டத்தை எண்ணித்தான் அவர் இப்படி வரைந்தார் என்று நாம் உரிமை கொண்டாடமாட்டோம். அவருடைய தேட்டமே அவரை அங்கு சேர்த்தது. கடைசி ஆண்டுகளில் நரம்பு நோய் உடலை ஆட்டிவைத்தபோதும் கோடு பிசகவில்லை. 1990இல் மறைந்தார்.

"இதெல்லாம் மேல்நாட்டாரைப் பார்த்துப் போட்ட கோடு" என்பாரும் உளர். அவர்கள் சேலத்துத் தறிக்குழியருகே ஒருமுறை நிற்கட்டும். இழுத்துக் கட்டிய பாவில் ஓர் இழை தளர்ந்தாலும் கண்டுகொள்ளும் நெசவாளிக்கு நஸ்ரீனின் படத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. 2016இல் நியூயார்க்கில் மெட் பிரூயர் அரங்கம் திறக்கப்பட்டபோது, தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்று அவருடையது. அதன்பின் "நம் சமுதாயப் பெண்" என்று மார்தட்டுவது எளிது. நம் வீட்டுப் பெண் பென்சில் கேட்கும்போது என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

ஓவியம் சோறு போடாது என்பது அடுத்த வாதம். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை ஓவியம் வரைந்து பொருளீட்டியவரல்லவா? இன்றும் சேலைக் கரைக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் புதுக்கோலம் வரைந்து தருவோரை நம்பித்தானே இவ்வட்டாரத்து வணிகம் நடக்கிறது?

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. தூரம் தடையென்றால், செலவு தடையென்றால், வரன் பேச்சு தடையென்றால் தகப்பனார் அதைச் சொல்லட்டும்; பேசித் தீர்க்கலாம். அதற்கு ஹதீஸைத் திரையாக்க வேண்டாம். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் ஜகாத் நிதியிலிருந்து உதவும் ஜமாஅத்துகள், தகுதியுள்ள ஏழைப் பெண்கள் ஓவியக் கல்விக்கு விண்ணப்பித்தாலும் அதே பட்டியலில் வைத்துப் பரிசீலிக்க வேண்டுமெனக் கோருகிறோம். முடியாதென்போர் தம் ஆதாரத்தை முழுமையாக, பிற்பாதியோடு சேர்த்து, எழுதியனுப்பட்டும்.