ஹைட்ராவின் ஆசிரியர்



மனக்காயமும் கலையும்தான் இந்த இதழின் பொருள். கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தவர் எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர், வில்ஃப்ரட் ஓவன். உலகம் அவரைப் போர்க் கவிஞராக அறியும். 1917இல் சில மாதங்கள் ஒரு மருத்துவமனைப் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

எடின்பரோவை ஒட்டிய கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனை அது. முதல் உலகப்போரில் மனம் குலைந்த ராணுவ அதிகாரிகளை அங்கே அனுப்பினார்கள். 'ஷெல் ஷாக்' என்று மருத்துவர்கள் சொன்னதைக் கோழைத்தனம் என்றவர்களுக்கும் குறைவில்லை. குண்டுவெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, சக அதிகாரியின் சிதைந்த உடலுக்குப் பக்கத்தில் கிடந்தவர் ஓவன். அங்கே வந்து சேர்ந்தபோது வயது 24. வேலையில் ஈடுபட்டால்தான் மனம் தேறும் என்பது அவருடைய மருத்துவர் ஆர்தர் பிராக்கின் நம்பிக்கை. நோயாளிகளே நடத்திய 'தி ஹைட்ரா' இதழ் அப்படித்தான் ஓவனின் பொறுப்புக்கு வந்தது.

அதே சமயம் சீக்ஃபிரீட் சசூனும் அங்கே இருந்தார். போரை எதிர்த்துப் பகிரங்கமாக அறிக்கை விட்ட அதிகாரி. ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவதற்குப் பதில் நோயாளியாக்கிவிட்டார்கள். அவருடைய கவிதைப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் சாக்கில் ஓவன் போய்ப் பார்த்தார். பிறகு தன் கவிதைகளையும் காட்டினார். 'ஆந்தம் ஃபார் டூம்ட் யூத்' கவிதையின் வரைவில் சசூனின் திருத்தங்களை இன்றும் பார்க்கலாம். பதுங்குகுழியைக் கண்ட ஒருவன் இன்னொருவனிடம் "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. இந்தச் சொல் சரியில்லை, அதை மாற்று என்றான். ஆசிரியர் வேலை செய்பவள் என்பதாலோ என்னவோ, எனக்கு இதுதான் பெரிய மருத்துவமாகத் தெரிகிறது.

ஓவனின் ஒலியமைப்பையும் சொல்ல வேண்டும். 'கல்' என்றால் 'கால்' என்று முடிப்பதுபோல, மெய்யொலிகளை நிறுத்திக்கொண்டு உயிரொலியை மாற்றிவிடுவார். இயைபுக்குக் காத்திருக்கும் காதுக்கு, இருட்டில் இறங்கும்போது ஒரு படி குறைந்துபோன மாதிரி இருக்கும். போரை வர்ணிக்காத வரியிலும் போர் கேட்கும்.

சசூனுக்கு வைத்தியம் பார்த்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நம் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே ஆய்வு செய்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டவரும் இவரேதான்! 'நடந்ததை மறந்துவிடு' என்று வற்புறுத்துவதுதான் இந்த நோயாளிகளின் கெட்ட கனவுகளை வளர்க்கிறது என்று வாதாடியவர். ஆனால் தேறியவர்களை மறுபடி போருக்கு அனுப்புவதும் அவருடைய வேலையாக இருந்தது. அந்த முரணை அவரே உணர்ந்திருந்தார். ஓவனும் திரும்பிப் போனார். 1918 நவம்பர் 4ஆம் தேதி பிரான்சில் கொல்லப்பட்டார். அடுத்த வாரம் போர் முடிந்தது. அச்சில் வந்த தன் கவிதைகளை அவர் விரல்விட்டு எண்ணியிருக்கலாம்.

வர்ஜீனியா வுல்ஃபின் 'மிசஸ் டாலவே' (1925) நாவலில் வரும், போரில் மனம் குலைந்த செப்டிமஸுக்கு ஒரு சசூன் கிடைக்கவில்லை. அதட்டும் மருத்துவர்கள்தான் கிடைத்தார்கள். அதைப் பற்றி உள்ளே ஒரு கட்டுரை இருக்கிறது.

உங்களில் சிலர் சொந்தத் துயரத்தை எழுதி அனுப்பிவிட்டு, "இது இலக்கியமா என்று தெரியவில்லை" என்று அடிக்குறிப்பு போடுகிறீர்கள். அந்தக் கவலை எங்களுக்கு. நீங்கள் தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கள், போதும்.

அன்புடன்,
ஆசிரியர்