விஜேவீர எடுத்த வகுப்பு இன்னும் முடியவில்லை



நீளமான பதிவு. முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் திட்ட வேண்டாம்.

நவம்பர் வந்தால் ரோஹண விஜேவீரவின் படம் முகநூல் முழுக்க வரும். தாடி, நட்சத்திரத் தொப்பி, பின்னால் சிவப்பு. இப்போது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் அதைப் பகிர்கிறார்கள். பதினோராம் தரத்துப் பிள்ளை ஒருத்தி, தகப்பன் அந்தக் கட்சிக்குத் தேர்தல் வேலை செய்தவர், என்னிடம் கேட்டாள்: "சேர், இவரு நம்மளுக்கு என்ன செஞ்சாரு?"

வகுப்பில் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

விஜேவீர 1943இல் மாத்தறைப் பக்கம் கொட்டேகொடையில் பிறந்தவர். மருத்துவம் படிக்க மொஸ்கோ போனார். 1964இல் நாடு திரும்பியவருக்கு மறுபடி அங்கே போக விசா கிடைக்கவில்லை. சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியில், நா. சண்முகதாசனின் பக்கம், சேர்ந்தார். பிறகு பிரிந்து மக்கள் விடுதலை முன்னணியைக் கட்டினார். கிராமத்து இளைஞர்களைச் சேர்த்து ஐந்து வகுப்புகள் நடத்தினார்கள். அந்த ஐந்தில் ஒன்றின் தலைப்பு: இந்திய விஸ்தரிப்புவாதம்.

இந்தியா இலங்கையை விழுங்கப் பார்க்கிறது, தோட்டங்களில் இருக்கும் இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள் அதற்குக் கருவிகள். இதுதான் அந்த வகுப்பின் சாரம்.

யாரைச் சொன்னார்கள் என்று யோசியுங்கள். 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்களை. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்துக்கொண்டார்களே, அவர்களை. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பெயர் வைத்த சனத்தை. ஒரு நாடு பறித்தது, மற்ற நாடு தயங்கித் தயங்கி எடுத்தது. நாடே இல்லாதவன் எந்த நாட்டை விஸ்தரிப்பான்?

இதில் இன்னொரு வேடிக்கை. விஜேவீர விட்டுவந்த சண்முகதாசனின் கட்சி, செங்கொடிச் சங்கத்தை வைத்துத் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டிய கட்சி. அதாவது லயத்துக்குள் செங்கொடி ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இவர் அந்த வகுப்பை எடுத்தார். நாட்டின் அந்நியச் செலாவணியைக் கொழுந்தாகப் பறித்துக் கொடுத்த தொழிலாளியை வெளியே நிறுத்திவிட்டு ஒரு தொழிலாளர் புரட்சி!

1971 ஏப்ரல் 5ஆம் திகதி பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டபோது விஜேவீர யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். அதே மாதம் அரசாங்கம் சந்தேகப்பட்டு வட கொரியத் தூதரகத்தாரை நாட்டை விட்டு அனுப்பியது. அங்கே கிம் இல் சுங் என்ற தளபதி வென்றார். அவர் படம் வீட்டுக்கு வீடு தொங்கியது, யாரும் கேள்வி கேட்க முடியவில்லை. இங்கே தளபதி தோற்றார். ஆனாலும் நவம்பரில் நாமும் கேள்வி கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்று சட்டம் இல்லாத நாட்டில் ஏன் கேட்காமல் இருக்கிறோம்?

1977இல் விடுதலையானார். 1982 ஜனாதிபதித் தேர்தலில் மூன்றாவதாக வந்தார். 1983இல் கட்சி தடை செய்யப்பட்டது. 1987இலிருந்து 89வரை இரண்டாவது கிளர்ச்சி. இரு பக்கத்தாலும் செத்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

கடைசியில் அவர் பிடிபட்டது எங்கே? எங்கள் மலையில். 1989 நவம்பர் 12ஆம் திகதி, நாவலப்பிட்டிக்குப் போகும் வழியில் உலப்பனையில். தாடியை எடுத்துவிட்டு, அத்தநாயக்க என்ற பெயரில், தோட்ட முதலாளியாக வாழ்ந்துகொண்டிருந்தார். தோட்டத்து ஆட்களை நம்பாதே என்று வகுப்பெடுத்தவருக்குக் கடைசியில் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது தேயிலை மலைதான்.

மறுநாள் கொழும்பில் கொல்லப்பட்டார். வழக்கில்லை, விசாரணையில்லை. அது கொலை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஒருவரை அநியாயமாகக் கொன்றதால் அவர் சொன்னதெல்லாம் நியாயமாகிவிடாது. அவ்வளவுதான் என் கட்சி.

"சேர், பழைய கதையை ஏன் கிளறுறீங்க? கட்சி மாறிட்டு" என்பீர்கள். மாறியது எனக்கும் தெரியும். 2023இல் தேசிய மக்கள் சக்தி ஹட்டன் பிரகடனம் வெளியிட்டது. 2024இல் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5ஐ எங்கள் சனம் அவர்களுக்குக் கொடுத்தது. மலையகப் பெண்கள் பாராளுமன்றம் போனார்கள். சந்தோஷம். குடியுரிமையைப் பறித்தது ஐ.தே.க. என்பதும், எங்கள் பழைய தலைவர்கள் எங்களை வைத்துப் பேரம் பேசியதும் மறக்கவில்லை. அதனால்தானே வாக்கு மாறியது.

ஆனால் நான் வாத்தியார். பலகையில் பிழையாக எழுதினால், அடுத்த நாள் சரியாக எழுதினால் மட்டும் போதாது. பிழையை எழுதிக்கொண்டு போன பிள்ளைகளிடம் "நேற்று எழுதியது பிழை, வெட்டுங்கள்" என்று சொல்ல வேண்டும். அந்த வகுப்பைக் கேட்டவர்கள் தெற்கின் கிராமங்களில் தாத்தாக்களாக இருக்கிறார்கள். அவர்கள் கொப்பியில் அது இன்னும் வெட்டப்படவில்லை.

இந்த முத்திரையின் வலி எனக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு ஒவ்வொரு முஸ்லிமும் தான் துரோகி இல்லை என்று வீதிக்கு வீதி நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒரு சனத்தையே சந்தேகிக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு வகுப்பு போதும். அதை அழிக்க ஒரு தலைமுறை பத்தாது.

1940இல் முல்லோயாவில் பொலிஸ் சுட்டு இறந்த கோவிந்தனும், 1977இல் டெவன் தோட்டத்தில் காணி பறிபோகாமல் காக்கப் போய்ச் சுடப்பட்டு இறந்த சிவனு லெட்சுமணனும் எந்தப் படைக்கும் தளபதிகள் இல்லை. அவர்கள் படத்துக்கு எந்த அரசாங்கம் மாலை போட்டது?

தோழர்களே, உங்கள் தலைவருக்கு மாலை போடுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அதே மேடையில் ஒரு வசனம் சொல்லுங்கள்: "தோட்டத் தொழிலாளரைப் பற்றி நாங்கள் எடுத்த வகுப்பு பிழை." ஹட்டனில் தமிழில் சொன்னால் போதாது. எங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். கொட்டேகொடையில், சிங்களத்தில் சொல்லுங்கள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளையின் கேள்விக்கு மீதிப் பதிலையும் வகுப்பிலேயே சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.